ஒரே தந்தி, இரண்டு வங்காளங்கள்: செய்தி மொழிபெயர்ப்பும் மொழி மாற்றமும்

ஐக்கிய நாடுகள் சபையைக் கொல்கத்தாவின் நாளிதழ்கள் இன்று பெரும்பாலும் ‘ராஷ்ட்ரபுஞ்ஜ’ என்றோ ‘ராஷ்ட்ரசங்க’ என்றோ எழுதுகின்றன. டாக்காவின் நாளிதழ்கள் ‘ஜாதிசங்க’ என்று எழுதுகின்றன. வெளியுறவு அமைச்சர் கொல்கத்தாவில் ‘பிதேஷ்மந்த்ரி’, டாக்காவில் ‘பரராஷ்ட்ரமந்த்ரி’. பனிப்போரைக் கொல்கத்தா ‘டாண்டா லொடாய்’ (குளிர்ச் சண்டை) ஆக்கியது. டாக்கா ‘ஸ்நாயுஜுத்த’ (நரம்புப் போர்) ஆக்கியது. இரண்டு நகரங்களுக்கும் மொழி ஒன்று, எழுத்து ஒன்று, இலக்கிய மரபும் பெரும்பகுதி ஒன்று. மூலமாக வந்த ஆங்கிலச் சொற்களும் அவையே. அப்படியிருந்தும் சொற்கள் பிரிந்தன. பிரித்தவர்கள் இலக்கணிகளோ கவிஞர்களோ கல்விக்குழுக்களோ அல்லர். இரவில் செய்தி அறையில் அமர்ந்து, அச்சுக்குப் போகும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, ஆங்கிலத் தந்தியை வங்காளமாக்கிய பெயர் தெரியாத துணையாசிரியர்கள்.

மொழி மாற்றத்தின் வரலாற்றில் இவர்களுக்கு இடம் குறைவு. வங்காள உரைநடையின் வரலாறு வழக்கமாக வில்லியம் கேரி, ராம்மோகன் ராய், வித்யாசாகர், பங்கிம் சந்திரர், ரவீந்திரநாதர் என்ற ஆளுமைகளின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. அந்த வரிசை தவறன்று. ஆனால் ஒரு நாவலைச் சிலர் படித்த காலத்தில் நாளிதழைப் பலர் படித்தனர். படிக்கத் தெரியாதவர்கள் பிறர் வாசிக்கக் கேட்டனர். நாள்தோறும் அதே சொல், அதே தொடரமைப்பு என்று திரும்பத் திரும்ப வரும் எழுத்து செய்தி ஒன்றே. அந்தச் செய்தியில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாக இருந்தது என்பதுதான் கொல்கத்தாவின் தனிச் சிறப்பு.

1778இல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் ஹூக்ளியில் அச்சானது. அதில் வங்காள எழுத்துகள் வார்ப்பு அச்சில் வந்தன. அதன் பின் வந்த வங்காள உரைநடையின் முதல் பெரும்பணி சட்ட மொழிபெயர்ப்பாகும். 1785இல் ஜோனதன் டங்கன் நீதிமன்ற விதிகளை மொழிபெயர்த்தார். 1793இல் ஃபார்ஸ்டர் காரன்வாலிஸ் சட்டத் தொகுப்பை மொழிபெயர்த்தார். 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரி பாடநூல்களைத் தந்தது. ஆனாலும் பொது வாசகருக்கு உரைநடை பழக்கமான ஒன்றாக இருக்கவில்லை. 1815இல் வெளியான ‘வேதாந்த கிரந்த’த்தின் முன்னுரையில் ராம்மோகன் ராய், உரைநடை வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்று வாசகருக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். ‘எப்போது’ என்பதற்கு எதிரே ‘அப்போது’ எங்கே வருகிறது என்று பொருத்த வேண்டும். வினைமுற்றைக் காணும் வரை வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது என்பது அவர் தந்த அறிவுரையின் சாரம். செய்யுளில் ஊறிய ஒரு சமூகத்துக்கு நீண்ட உரைநடை வாக்கியம் அவ்வளவு புதியது.

மூன்றே ஆண்டுகளில், 1818 மே 23 அன்று, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அன்று டேனியர் வசமிருந்த ஸ்ரீராம்பூரிலிருந்து ‘சமாசார் தர்பண்’ வார இதழ் வெளிவந்தது. ஆசிரியர் ஜான் கிளார்க் மார்ஷ்மன். எழுத்துப் பணியில் பெரும்பங்கு ஜயகோபால் தர்க்காலங்கார் போன்ற பண்டிதர்களுடையது. அரசாணை, கப்பல் வரவு, ஐரோப்பியச் செய்தி, ஆங்கில இதழ்களில் வந்தவை எனப் பலவும் வங்காளத்துக்கு வந்தன. 1829 முதல் இதழ் இருமொழியில், ஆங்கிலமும் வங்காளமும் அருகருகே வருமாறு வெளிவந்தது. மூலமும் பெயர்ப்பும் ஒரே பக்கத்தில் நின்றதால், எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்த வங்காளச் சொல், எந்தத் தொடருக்கு எந்தத் தொடர் என்பது வாசகர் கண்முன்னே வாரந்தோறும் நடந்த பாடமாயிற்று. ராம்மோகனின் முன்னுரை ஒருமுறை சொன்னதை இதழ் பழக்கமாக்கியது.

பெயர்த்தவர்கள் வடமொழிப் பண்டிதர்கள் என்பதால் புதுச்சொல் தேவைப்பட்ட இடமெல்லாம் வடமொழி வந்து அமர்ந்தது. இதழ்களின் பெயர்களே சான்று: சமாசார் தர்பண், சம்பாத் கௌமுதி (1821), சமாசார் சந்திரிகா (1822), சம்பாத் பிரபாகர் (1831). பேச்சில் செய்திக்கு வழங்கிய சொல் ‘கபர்’. பாரசீகம் வழி வந்த அரபுச் சொல். அது தலைப்புகளிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் மக்கள் விடவில்லை. இன்றும் வங்காளி வீட்டில் செய்தித்தாள் ‘கபரேர் காகஜ்’தான், இரண்டு சொல்லும் பாரசீக வழி வந்தவை. ‘சம்பாத்பத்ர’ எழுத்திலும் மேடையிலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை உயர்வழக்கில் நிலைநாட்ட முடியும், பேச்சிலிருந்து இன்னொன்றை எளிதில் நீக்க முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கொல்கத்தாவின் செய்தி மொழிபெயர்ப்பு வங்காளத்தோடு நிற்கவில்லை. உருதுவின் முதல் இதழாகக் கருதப்படும் ‘ஜாம்-இ-ஜஹான்-நுமா’ (1822), இந்தியின் முதல் இதழான ‘உதந்த மார்த்தண்ட்’ (1826) இரண்டும் இங்கே பிறந்தவை. ராம்மோகனின் பாரசீக இதழ் ‘மிராத்-உல்-அக்பார்’ 1822இல் வந்தது. ஒரே ஆங்கிலச் செய்தி சில தெருக்களுக்குள் நான்கு மொழிகளில் உருமாறிய நகரம் இது.

1839இல் சம்பாத் பிரபாகர் நாளிதழானது. 1870இல் கடலடித் தந்தி பம்பாயை லண்டனோடு இணைத்தது. அதன் பின் உலகச் செய்தி ராய்ட்டரின் ஆங்கிலத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா வந்தது. கொல்கத்தாவில் 1933இல் யுனைட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா தோன்றியது. நிறுவனங்கள் மாறினாலும் தந்தியின் மொழி மாறவில்லை. 1922இல் தொடங்கிய ஆனந்தபஜார் பத்திரிகா தேசிய உணர்வோடு எழுதிய இதழ். ஆனாலும் டெல்லியிலும் பம்பாயிலும் நடந்ததை அதன் மேசைக்குக் கொண்டுவந்தது ஆங்கிலத் தந்திதான்.

எதிர்த்திசையிலும் மொழிபெயர்ப்பு நடந்தது. வங்காள இதழ்களில் வந்தவற்றை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமாக்கி அதிகாரிகளுக்கு அனுப்பினர். 1878இல் லிட்டன் காலத்துத் தாய்மொழி இதழ்ச் சட்டம் வந்தபோது, அதுவரை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த அம்ரித பஜார் பத்திரிகா ஒரேயடியாக முழு ஆங்கில இதழானது. சட்டம் இந்திய மொழி இதழ்களையே குறிவைத்தது. 1891இல் ‘பங்கபாசி’ இதழ்மீது தொடுக்கப்பட்ட அரசநிந்தனை வழக்கிலும் நீதிமன்றத்தில் வங்காளக் கட்டுரைகளின் ஆங்கில வடிவம் வைக்கப்பட்டது. வங்காள இதழாளர் தம் வாக்கியம் ஆங்கிலத்தில் எப்படி ஒலிக்கும் என்பதையும் எண்ணி எழுத வேண்டிய காலம் அது. மொழிபெயர்ப்பு அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற அளவில் நெருக்கமான ஒன்றாக இருந்தது.

இங்கே எழுத்தாளருக்கும் செய்தி மொழிபெயர்ப்பாளருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1901இல் ரவீந்திரநாதர் ‘நேஷன்’ என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கருத்துக்கு வங்காளத்தில் சொல் இல்லை என்று கண்டு, ‘நேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார். ‘ஜாதி’ என்ற சொல்லில் குலம், இனம், மக்கள் எனப் பல பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ‘ராஷ்ட்ர’ என்பது அரசமைப்பைச் சுட்டுகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு கோட்பாட்டைத் தேர்ந்ததாகிவிடும். கட்டுரையாளர் தேராமல் நிற்கலாம். செய்தியாளருக்கு அந்த வசதி இல்லை. 1945இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தந்தி வந்த இரவில் ‘நேஷன்ஸ்’ என்பதற்கு ஏதேனும் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

பாரதி இரண்டு நிலையையும் அறிந்தவர். 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தபோது அவருடைய அன்றாட வேலை ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. பின்னாளில் ‘மெம்பர்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடிப் பல வடிவங்களை எடைபோட்டுப் பார்த்து, எதுவும் பொருந்தாத சலிப்பை அவர் எழுதியிருக்கிறார். இன்று ‘உறுப்பினர்’ என்பது குழந்தைக்கும் தெரிந்த சொல். அதை நிலைக்கச் செய்தது அகராதி அன்று; சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று நாள்தோறும் எழுதிய நாளிதழ்.

சொல்லோடு நின்றால் கதை பாதிதான். தொடரமைப்பில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ‘அமைச்சர் கூறினார், இன்னது நடக்கும் என்று’ என்பது ஆங்கிலத்தின் வரிசை: சொன்னவர் முதலில், சொன்ன செய்தி பிறகு. வங்காளத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘ஜே’ என்ற இணைப்புச் சொல்லை இட்டு, செய்தியை வினைக்குப் பின் வைப்பது. மற்றொன்று, ‘பொலே’ என்ற மேற்கோள் சொல்லை இட்டு, செய்தியை வினைக்கு முன் வைப்பது. ‘சொல்’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘பொலே’, தமிழின் ‘என்று’ போன்றது. திராவிட மொழிகளோடு வங்காளம் பகிர்ந்துகொள்ளும் வட்டாரப் பண்பாக மொழியியலார் சுட்டும் அமைப்பு. ஆங்கில வரிசையை அப்படியே பின்பற்ற ‘ஜே’ வசதியாக இருந்ததால், நீண்ட அறிக்கைச் செய்திகளில் அது பெருகியது.

ஆனால் ‘அறியப்படுகிறது’ என்ற பொருளில், பெயர் சொல்லாத செய்தி மூலத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்கு வங்காளம் கண்ட வடிவம் ‘...பொலே ஜானா கேச்சே’. ‘...என்று தெரியவந்துள்ளது’ என்பதோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. தேவை ஆங்கிலத்திலிருந்து வந்தது, விடை சொந்த மொழியின் பழைய அமைப்பிலிருந்து வந்தது. தமிழுக்கு ‘ஜே’ போன்ற வசதி இல்லை. வினைமுற்று கடைசியில்தான் வரும். பத்து வரிப் பேச்சுக்குப் பிறகு சொன்னவர் யார் என்று வாசகர் அறிய வேண்டும். அந்த நெருக்கடிக்குத் தமிழ் நாளிதழ் தந்த விடை ‘இதுகுறித்து அவர் கூறியதாவது:’ என்ற தொடர். இலக்கணம் மீறாமல் சொன்னவரை முன்னே நிறுத்தும் அந்த ஒற்றைத் தொடருக்குப் படைத்தவர் பெயர் கிடையாது.

செயப்பாட்டு வினையும் இப்படியே. ‘அரசால்’ என்ற பொருளில் ‘சர்க்கார் கர்த்ரிக்’ என்று வங்காளச் செவ்வழக்கிலும், ‘செய்யப்பட்டது’ என்று தமிழிலும் பெருகியதற்கு ஆங்கிலத்தைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் ‘படு’ துணைவினை தமிழுக்குப் புதிதன்று. ‘கர்த்ரிக்’ வடமொழிச் சரக்கு. செய்தி மொழிபெயர்ப்பு புதிய அமைப்பை உண்டாக்குவது அரிது. மொழியில் ஓரமாகக் கிடந்த அமைப்பை எடுத்து நடுவில் வைப்பதே அதன் இயல்பான வேலை. மாறுவது இருப்பு அன்று, வருகையின் எண்ணிக்கை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு நாளிதழ்கள் நெடுங்காலம் ஆங்கிலத் தந்திகளைப் பெயர்த்தே நாட்டுச் செய்தியை வெளியிட்டன. அங்கும் பிரெஞ்சில் ஏற்கெனவே உள்ள சொற்கள் ஆங்கிலப் பொருளை ஏற்றன என்பதே மொழிக் காவலர்களின் பெரிய குறையாக இருந்தது. இலக்கண நூல் மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு இந்த வகை மாற்றம் கண்ணில் படாது. நாளிதழ்த் தொகுப்பை ஆண்டுவாரியாக எண்ணிப் பார்ப்பவருக்கே படும்.

எல்லா மாற்றத்தையும் மொழிபெயர்ப்பின் கணக்கில் எழுதுவதும் தவறு. வங்காளத்தின் மிகப் பெரிய நடை மாற்றம், ‘சாது’ நடையிலிருந்து ‘சலித்’ நடைக்கு வந்தது. ‘கொரிதேச்சே’ என்பது ‘கொர்ச்சே’ ஆனது. ‘தாஹார்’ என்பது ‘தார்’ ஆனது. இதற்கான போராட்டத்தை 1914இல் பிரமத சவுதுரியின் ‘சபுஜ் பத்ர’ இதழ் முன்னெடுத்தது, ரவீந்திரநாதர் துணைநின்றார். இலக்கியம் அதன் பின் வேகமாக மாறியது. நாளிதழ்கள் மாறவில்லை. ஆனந்தபஜார் தன் செய்திகளைச் சலித் நடைக்கு மாற்றியது 1965இல். தலையங்கம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் சாது நடையிலேயே தொடர்ந்தது. இலக்கியம் தொடங்கிய மாற்றத்தை நாளிதழ் அரை நூற்றாண்டு தாமதித்து ஏற்றது. ஏற்றபின் அது பொது உரைநடையின் இயல்பான வடிவமாயிற்று. செய்தி மொழி புதுமைக்கு முன்னோடும் இடமாகவும் பழமையைக் காக்கும் இடமாகவும் ஒருசேர இருக்க முடியும்: சொல்லில் அது அவசரக்காரர், நடையில் அது நிதானக்காரர்.

இப்போது இரண்டு வங்காளங்களுக்கு வரலாம். ‘ஆசாத்’ நாளிதழ் 1936இல் கொல்கத்தாவில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் 1948இல் டாக்காவுக்குக் குடிபெயர்ந்தது. ஒரே நகரத்தில் ஒரே தந்தியைப் பெயர்த்த மேசைகள் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்தன. அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவின் இடத்தில் இந்தியாவுக்குப் பிடிஐயும் பாகிஸ்தானுக்கு ஏபிபியும் வந்தன. இரண்டும் ஆங்கிலத்தில்தான் செய்தி அனுப்பின. கொல்கத்தாவில் ‘ஜாதிபுஞ்ஜ’ என்ற வடிவமும் ஒருகாலத்தில் வழங்கியது. பிறகு ‘ராஷ்ட்ர’ முந்திக்கொண்டது. டாக்காவில் ‘ஜாதி’ நிலைத்தது. ரவீந்திரநாதர் பெயர்க்க மறுத்த ஒரே சொல்லுக்கு இரண்டு நகரங்கள் இரண்டு விடை கண்டன. ஒரு விடை சரி, மற்றது பிழை என்று சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. ஒவ்வொரு நகரத்திலும் முதலில் எழுதப்பட்டுப் பிறகு மாறாமல் திரும்ப எழுதப்பட்டது எதுவோ, அதுவே அங்கே மொழியானது.

தமிழருக்கு இது அயல் கதையன்று. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் கொழும்பில் ஒரு செய்தித் தமிழை வளர்த்தன. 1934இல் தொடங்கிய தினமணியும் 1942இல் தொடங்கிய தினத்தந்தியும் தமிழகத்தில் இன்னொன்றை வளர்த்தன. அங்கே ஜனாதிபதி, இங்கே குடியரசுத் தலைவர். அங்கே வெளிவிவகார அமைச்சர், இங்கே வெளியுறவுத்துறை அமைச்சர். அங்கே பாராளுமன்றம், இங்கே பெரும்பாலும் நாடாளுமன்றம். அங்கே பொலிஸ், இங்கே போலீஸ் அல்லது காவல்துறை. இவற்றில் அரசியல் உண்டு, தனித்தமிழ் இயக்கத்தின் தடம் உண்டு, அரசமைப்பின் வேறுபாடும் உண்டு. ஆனால் அவை நாள்தோறும் வாசகரை அடைந்த வழி, செய்தி மேசையில் நடந்த பெயர்ப்பு.

முடிவெடுத்தவர் யார் என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. கலைச்சொல்லுக்குக் குழு உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகம் 1930களில் ராஜசேகர் பாசுவின் தலைமையில் கலைச்சொல்லுக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் குழுக்கள் அமைத்தது. 1936இல் எழுத்துக்கூட்டல் விதிகளை வெளியிட்டது. குழுவின் முடிவுக்குத் தேதி உண்டு, காரணம் உண்டு, மறுப்பவருக்கு முகவரி உண்டு. செய்தி மேசையின் முடிவுக்கு இவை எதுவும் இல்லை. ஆனந்தபஜார் குழுமத்தின் எழுத்து வழக்கு நீரேந்திரநாத் சக்கரவர்த்தி தொகுத்த கையேடாக நூல் வடிவம் பெற்றது 1991இல்தான். அதாவது இதழ் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து.

இன்று அந்த மேசையில் இன்னொருவர் அமர்ந்திருக்கிறார். 2011இல் கூகுள் மொழிபெயர்ப்புச் சேவை வங்காளத்தையும் தமிழையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. அதன் பட்டியலில் வங்காளம் ஒன்று, தமிழ் ஒன்று. கொல்கத்தாவும் டாக்காவும், சென்னையும் கொழும்பும் தனித்தனியே கண்ட விடைகள் அங்கே ஒரே கிடங்கில் கொட்டப்படுகின்றன. இயந்திரம் தேர்வது அதிகம் கண்ட வடிவத்தை. துணையாசிரியர் செய்ததும் ஒருவகையில் அதுவே, முன்னால் எழுதியதைத் திரும்ப எழுதுவது. ஆயினும் பொருந்தாத சொல்லைக் கண்டு ஒரு நொடி நின்று, ‘கூறியதாவது’ போன்ற ஒன்றைக் கண்டெடுக்கும் தேவை அவருக்கு இருந்தது. எண்ணிக்கை குறைந்த வழக்கு தன் இடத்தைக் காத்துக்கொள்ளவும், புதிய நெருக்கடிக்கு மொழி தன்னுள்ளிருந்து விடை தேடவும் அந்த ஒரு நொடி தேவைப்படுகிறது. இயந்திரம் தந்த வரைவைத் திருத்தும் இன்றைய செய்தியாளருக்கு அது கிடைக்கிறதா என்பதை ஆராய வேண்டும்.

ஆராய்வதற்குச் சான்று இருக்கிறது. சமாசார் தர்பணில் 1818 முதல் 1840 வரை வந்தவற்றைத் தேர்ந்து பிரஜேந்திரநாத் பந்தோபாத்யாய் 1930களில் ‘சம்பாத்பத்ரே சேகாலேர் கதா’ என்று தொகுத்தார். சமூக வரலாற்றுக்காகச் செய்த அந்தத் தொகுப்பு, மொழி வரலாற்றுக்கும் அரிய களம். கொல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையத்திலும் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் நுண்படமாகவும் எண்ணிமமாகவும் காக்கப்படுகின்றன. ஒரே நாளில் வந்த ஒரே தந்தி, கொல்கத்தாவிலும் டாக்காவிலும், சென்னையிலும் கொழும்பிலும் எப்படிப் பெயர்க்கப்பட்டது என்று நான்கு பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1829இல் ஸ்ரீராம்பூர் இதழ் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டிய முறைதான் அது. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான வேலை. இரண்டு மொழி தெரிந்த இரண்டு மாணவர் சேர்ந்தால் இன்னும் நன்று.